நாடாவும் எண்ணும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னர் பேசிய கவிஞர்கள் சந்தத்தாலும் சிந்தனையாலும் இந்த அவையை நனைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்ட பொருளோ வீடியோ காமிரா. இலக்கிய மேடையில் இதைப் பேசலாமா என்று முதலில் ஐயுற்றேன். பிறகு நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை ஓர் ஓவியரும் ஆவார் என்பது நினைவுக்கு வந்தது. உருவத்தைப் பிடித்து வைக்கும் ஆசை இம்மாவட்டத்துக் கவிஞர்களுக்குப் புதிதன்று. அந்தத் துணிவில் நிற்கிறேன்.

பள்ளிபாளையத்தில் நாடா என்று சொன்னால் சிறு குழந்தைக்கும் பொருள் தெரியும். பாவின் குறுக்கே இப்புறமும் அப்புறமும் ஓடி ஊடையைக் கொண்டு செல்வது நாடா. வெளியூர்த் தமிழில் நாடா என்றால் நீண்ட பட்டை. ஒலிநாடா, ஒளிநாடா என்று பெயர் வைத்தவர்கள் அந்தப் பட்டையை எண்ணித்தான் வைத்திருப்பார்கள். இரண்டு நாடாவும் இன்று என் பேச்சில் வரும். எந்த நாடா என்பதை இடம் நோக்கிக் கொள்க.

நம் வட்டம் இந்த ஆண்டு ஒரு முடிவு செய்திருக்கிறது. வட்டத்தின் முதிய கவிஞர்களையும், கைத்தறிக் காலத்தைக் கண்ட முதியவர்களையும், கல்லூரி மாணவர்களைக் கொண்டு படம் பிடித்து வைப்பது என்று. சென்ற மாதக் கூட்டத்தில் அந்த மாணவர்களில் ஒருவர் எழுந்து கேட்டார்: “ஐயா, எங்க மாமா கல்யாண வீடியோ எடுத்த பழைய காமிரா பரண்ல இருக்குதுங்க. அதுலயே எடுத்தா அந்தக் காலத்துப் படமாட்டம் நல்லா இருக்குமுங்களா? இல்லீன்னா டிஜிட்டல்லயே எடுத்துக்கலாமுங்களா?”

அவையில் சிலர் சிரித்தார்கள். பழைய காமிராவை எவராவது தேடிப் போவார்களா என்று எண்ணியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2002ஆம் ஆண்டில் இதே கேள்வியை நான்கு மாணவர்கள் என்னிடம் கேட்டார்கள். நான் சொன்ன விடையில் ஒரு பாதி சரி. மறு பாதியை நான் சொல்லாமல் விட்டேன். அதனால் ஒரு மூதாட்டியின் பாட்டு ஏறத்தாழ முழுதும் போயிற்று. அந்தக் கதையைச் சொல்வதற்கே இந்த மேடையை ஒப்புக்கொண்டேன்.

நான் தமிழ் கற்பித்த கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படித்தவர்கள் அவர்கள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நம்மூர்த் தறித்தொழிலைப் படமெடுக்க வந்தார்கள். பின்னணி உரை எழுதித் தரும்படி என்னை அழைத்தார்கள். அவர்கள் கையில் இரண்டு காமிராக்கள் இருந்தன. ஒன்று, துறைக்குச் சொந்தமான, தோளில் தூக்கி வைத்துக்கொள்ளும் வி.எச்.எஸ். காமிரா. மற்றொன்று, ஒரு மாணவரின் உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த, உள்ளங்கையில் அடங்கும் மினி டிவி காமிரா. மினி டிவி என்றதும் நான் சிறிய தொலைக்காட்சிப் பெட்டி என்று எண்ணிக்கொண்டேன். டிவி என்பது இங்கே டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம் என்று மாணவர்கள் விளக்கிய பிறகே தெளிந்தது.

வி.எச்.எஸ். முறையை ஜப்பானில் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வெளியிட்டது. நம் பக்கத்துத் திருமணங்களும் காதுகுத்துகளும் நெடுங்காலம் அந்தக் கருப்புப் பெட்டிகளில்தாம் அடங்கின. டிவி முறை 1995இல் வந்தது. முன்னது அனலாக், பின்னது டிஜிட்டல். இவ்விரு சொற்களுக்கும் அகராதிப் பொருள் சொல்வதைவிடக் கவிஞர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். அனலாக் என்பதற்கு ஒப்புமை என்றே பொருள். வெளிச்சம் கூடினால் மின்னலையும் கூடும், குறைந்தால் குறையும். அந்த அலையின் சாயல் நாடாவில் காந்தமாகப் பதியும். வெளிச்சத்துக்கு அலை உவமை, அலைக்குக் காந்தம் உவமை. டிஜிட்டலில் உவமை இல்லை. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் இத்தனை என்று எண்ணாக அளந்து எழுதிவிடுகிறார்கள். அதுவும் நாடாவில்தான் எழுதப்பட்டது என்றாலும், எழுதப்பட்டது எண்.

இந்த வேறுபாடு படியெடுக்கும்போதுதான் வெளிப்படும். வி.எச்.எஸ். படத்தைத் தொகுக்க வேண்டுமானால் ஒரு கருவியில் ஓடவிட்டு மற்றொரு கருவியில் பதிய வேண்டும். தொகுத்த படமே இரண்டாம் தலைமுறை. அதிலிருந்து ஆளுக்கொரு பிரதி போட்டால் மூன்றாம் தலைமுறை. வி.எச்.எஸ். படத்தின் கிடைத் தெளிவு ஏறத்தாழ 240 வரிதான். மூன்றாம் தலைமுறைக்கு வரும்போது சிவப்புச் சேலை தன் விளிம்பைத் தாண்டி வழியும், முகத்தில் கண் எது புருவம் எது என்று தேட வேண்டியிருக்கும். மினி டிவியில் தெளிவு ஏறத்தாழ 500 வரி. கணிப்பொறிக்குக் கம்பி வழியாக அனுப்பினால் எண்கள் அப்படியே போய்ச் சேரும். அதை அவ்வாறே எத்தனை முறை படியெடுத்தாலும் நூறாவது பிரதி முதல் பிரதிதான்.

இதை மாணவர்கள் எனக்குச் சொன்னபோது என் மனம் ஏட்டுச்சுவடிகளுக்குப் போயிற்று. பனையோலை நிலையாக இருப்பதில்லை. பூச்சி அரிக்கும், ஒடியும். அழியுமுன் மறு ஓலையில் படியெடுத்தாக வேண்டும். அப்படிப் படியெடுத்தவர்களால்தான் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. ஆனால் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து மாறும், ஓர் அடி விடுபடும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது, பாடபேதங்களோடு பட்ட பாட்டை நாம் அறிவோம். வி.எச்.எஸ். நாடாவின் மூன்றாம் தலைமுறை என்பதும் அந்தப் பாடபேதம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவிஞர்கள் இதை ரசிப்பார்கள். ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இராது. குறில் எது நெடில் எது என்று சில இடங்களில் தெரியாது. பதிப்பாசிரியர் எதைக் கொண்டு முடிவு செய்தார்? பொருளைக் கொண்டு, அதோடு யாப்பைக் கொண்டும். வெண்பாவில் ஓர் அசை விடுபட்டால் தளை தட்டும். தட்டிய இடத்தில் பிழை இருக்கிறது என்று தெரிந்துபோகும். அந்தாதியில் ஒரு பாட்டு தொலைந்தால் சங்கிலி அறும். எத்தனையாவது பாட்டு இல்லை என்பதையும் கண்டுகொள்ளலாம். பொருளைச் சொல்ல இத்தனை கட்டுப்பாடு தேவையில்லை. ஆயினும் அந்தக் கட்டுப்பாடே பாட்டுக்குக் காவல். டிஜிட்டல் நாடாவிலும் இப்படி ஒரு யாப்பு உண்டு. படத்தின் எண்களோடு சரிபார்ப்பதற்கென்று கூடுதலாகச் சில எண்களையும் சேர்த்து எழுதுவார்கள். நாடாவில் சிறு கீறல் விழுந்தால், கூடுதல் எண்களைக் கொண்டு கருவியே விடுபட்டதைக் கணக்கிட்டு நிரப்பிவிடும். ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் வகுத்த முறை இது. குறுந்தகட்டிலும் மினி டிவியிலும் இதுவே இருக்கிறது. யாப்பறிந்த நமக்கு இது வேற்று மொழியன்று.

நிற்க. இவற்றையெல்லாம் கேட்டு மயங்கிப்போய், “டிஜிட்டலிலேயே எடுங்கள், இனிப் பாடபேதம் இல்லை” என்று சொல்லிவிட்டேன்.

படப்பிடிப்பு தொடங்கிய அன்றே என் மயக்கத்தில் ஒரு பகுதி கலைந்தது. தறிப்பட்டறை எத்தகையது என்பது உங்களுக்குத் தெரியும். நீண்ட கூடம், இரண்டு குழல் விளக்கு, காற்றில் பஞ்சுத் துகள். சிறிய காமிராவின் உணர்தகடும் மிகச் சிறியது. அந்த மங்கலில் அதன் படம் முழுதும் மணல் தூவியது போல் ஆயிற்று. தோளில் தூக்கும் பழைய காமிராவே அங்கே ஓரளவு தெளிவாகப் பார்த்தது. ஓசையோ இரண்டுக்கும் பொதுவான பகை. ஒரு விசைத்தறியில் நாடா நொடிக்கு இரண்டு மூன்று முறை ஓடும். ஒரே கூடத்தில் பன்னிரண்டு தறி. பேச்சுக்கு ஏற்ப ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு காமிராவில் இருக்கிறது. அது தறி ஓசையைக் கேட்டு அஞ்சி எல்லாவற்றையும் குறைத்துவிடும். மனிதக் குரல் அடியில் அமுங்கிப்போகும். வாய்க்கு அருகே பிடிக்கும் தனி மைக் ஒன்று வாங்கியிருந்தால், எந்தக் காமிரா என்ற வாதத்தில் பாதி தேவைப்பட்டிராது. அனலாக்கா டிஜிட்டலா என்று மூன்று நாள் விவாதித்தோம். மைக் பற்றி மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை.

அந்தப் பட்டறையை ஒட்டிய வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தார் ஒரு மூதாட்டி. எண்பதை நெருங்கிய வயது. பெயர் சொல்ல வேண்டாம், அவர் குடும்பத்தார் இன்றும் இவ்வூரில் இருக்கிறார்கள். விடியுமுன் தெருவில் பாவு நீட்டிய காலத்தில் தம் தாயார் பாடியது என்று ஒரு பாட்டைப் பாடினார். தறி நிற்காத ஓசைக்கு நடுவே, பதினொரு நிமிடம். இடையில் நிறுத்தி, “சாமி, இது வெளியூருக்குப் போகுமா?” என்று கேட்டார். போகும் பாட்டி என்றார்கள் மாணவர்கள். தலைமுடியைக் கோதிக்கொண்டு மீண்டும் தொடங்கினார்.

மாணவர்கள் ஆறு மினி டிவி கேசட்டுகள் எடுத்தார்கள். ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரப் படம் கணிப்பொறியில் ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும். அவர்களிடம் இருந்த வன்தகடு 40 ஜிகாபைட். மூன்று கேசட்டுகளை ஏற்றியதும் நிறைந்துவிட்டது. எனவே வேண்டிய துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்தார்கள். மினி டிவி கேசட்டின் விலை வி.எச்.எஸ். கேசட்டைவிட மிகுதி. காசு மிச்சம் பிடிக்க, ஏற்றி முடித்த கேசட்டுகளின் மீதே மறுபடியும் பதிவு செய்தார்கள். என்னிடம் சொன்னார்கள். நான் அவர்களுடைய சிக்கனத்தைப் பாராட்டினேன். அவையோரே, பாராட்டினேன்!

பதினெட்டு நிமிடப் படம் உருவாயிற்று. வீடியோ சிடியாக்கித் துறையில் கொடுத்தார்கள், நல்ல மதிப்பெண் வந்தது. அடுத்த ஆண்டு அந்த வன்தகடு ஒரு நாள் காலையில் சுழல மறுத்தது. மெல்ல மங்கவில்லை, கோடு விழவில்லை. முதல் நாள் இருந்தது, மறுநாள் இல்லை. யாப்பு காப்பதெல்லாம் ஓர் எழுத்து விடுபட்டால்தான். கட்டோடு ஆற்றில் போனால் யாப்பு என்ன செய்யும்? ஆடிப்பெருக்கில் ஏடுகளை வெள்ளத்தில் விட்டார்கள் என்று உ.வே.சா. வருந்தி எழுதியிருக்கிறார். நம் காவிரிக்கரையில் வாழும் எனக்கு, அதைப் படிக்கும்போதெல்லாம் பாலத்தின் மேல் நின்று பார்ப்பது போல் இருக்கும். ஓர் ஏட்டை ஆற்றில் விட எனக்கு ஆடி பதினெட்டுகூடத் தேவைப்படவில்லை.

2005இல் அந்த மூதாட்டி மறைந்தார். பேத்தி என்னைத் தேடி வந்தார். “ஐயா, ஆத்தா பாடுனதை எடுத்தீங்களே, அது இருக்குதுங்களா?” என்று கேட்டார். சிடியைப் போட்டுக் காட்டினேன். பதினொரு நிமிடத்தில் படத்தில் இருப்பது நாற்பது நொடி. அதன் மேலும் பாதியில் நான் எழுதிய பின்னணி உரை ஓடுகிறது. என் உரையை நானே வெறுத்த நாள் அது. பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார்.

கதை அங்கே முடிந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். 2019இல் அந்த நால்வரில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வீட்டை மாற்றும்போது ஒரு வி.எச்.எஸ். கேசட் அகப்பட்டதாம். படப்பிடிப்பின்போது ஒரு நாள் பிற்பகல் சிறிய காமிராவின் மின்கலம் தீர்ந்துபோய்ப் பழைய காமிராவில் ஒரு மணி நேரம் எடுத்தது அவருக்கே மறந்துவிட்டிருந்தது. அன்றும் பாட்டி பாடியிருக்கிறார். கேசட்டைப் பார்த்தால் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். அதை ஓட்டிப் பார்க்கக் கருவி வேண்டும். உலகில் வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் பூனாய் 2016இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஈரோட்டில் விசாரித்து, பழுது பார்க்கும் ஒருவர் தம் பழைய கருவியைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பது தெரிந்தது. அவர் நாடாவைக் கையால் சுற்றித் துடைத்து ஓடவிட்டார். தொடக்கத்தில் சில நிமிடங்கள் வெறும் பனிமழை. பிறகு கோடுகளுக்கு நடுவே பாட்டி வந்தார். ஆறு நிமிடம். பாட்டின் பின்பாதி மட்டும். நிறம் வழிகிறது, குரல் தறிக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் அவர்தான்.

அதே 2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கமும் காந்தநாடா எச்சரிக்கை என்று ஒன்றை வெளியிட்டன. நாடா இருந்தாலும் அதை ஓட்டும் கருவியும் உதிரிப் பாகமும் அதை அறிந்த கையும் மறைந்து வருகின்றன, 2025க்குள் மாற்றாவிட்டால் பெரும்பகுதியை மீட்பது அரிது என்பது அதன் சாரம். அந்த ஆண்டும் கடந்துவிட்டது. உங்கள் வீட்டு அலமாரியில் திருமணக் கேசட்டும், மேடையில் நீங்கள் கவிதை படித்த கேசட்டும் இருந்தால், இன்று இரவு வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள்.

எனவே அனலாக்தான் வென்றது என்று சொல்ல வருகிறேனோ என்று சிலர் ஐயுறலாம். இல்லை. அந்த நாடா தற்செயலாகத் தப்பியது. பரணில் மறந்து கிடந்ததால் அதன் மேல் எவரும் எதையும் பதியவில்லை, அவ்வளவுதான். இன்னும் சில ஆண்டு கிடந்திருந்தால் பூஞ்சணம் முழுதும் தின்றிருக்கும். அந்த ஆறு நிமிடம் இன்று எண்களாக்கப்பட்டு மூன்று வீடுகளில் இருக்கிறது. அதில் ஒன்று பேத்தியின் வீடு. நான் 2002இல் டிஜிட்டல் என்று சொன்னது சரி. படியெடு, வேறு வேறு இடத்தில் வை, மூலத்தை அழிக்காதே என்று சேர்த்துச் சொல்லாதது பிழை. ஏடு எழுதியவனுக்குப் படியெடுப்பது தலைமுறைக்கு ஒரு முறைக் கடன். வன்தகட்டுக்காரனுக்குச் சில ஆண்டுக்கு ஒரு முறைக் கடன். நமக்கு வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது.

சிறிய டிஜிட்டல் காமிராவின் வேறொரு பெருமையையும் சொல்லாமல் விட்டால் அதற்கு நன்றி மறந்தவனாவேன். பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தா, தம் எழுபதைக் கடந்த வயதில், அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சியதைப் பொறுக்குவோரைப் பற்றி 2000ஆம் ஆண்டில் ஒரு படம் எடுத்தார். ஒரு கையில் காமிராவைப் பிடித்து, சுருக்கம் விழுந்த தம் மறு கையைத் தாமே படமெடுத்தார். தோளில் தூக்கும் காமிராவில் இது நடக்குமா? மதுரையில் ஆர்.பி. அமுதன் 2003இல், தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண் தொழிலாளியின் கூடவே நடந்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். அப்படி ஒரு சந்துக்குள் படைபட்டாளத்தோடு போக முடியாது. தனி ஒருவர், ஒரு காமிரா, எதிரே ஒரு மனிதர். கவிதை எழுதுவதற்கு நெருக்கமான நிலை என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்த மாணவருக்கு என் விடை. தம்பி, உங்கள் மாமாவின் காமிரா நன்றாக இருக்கலாம். அதில் தெரியும் வழிந்த நிறமும் நடுங்கும் கோடும் உங்களுக்கு அழகாகத் தெரிவதை நான் குறை சொல்லமாட்டேன். இப்போது செல்பேசியில் எடுத்த படத்துக்கே அந்தக் கறையைப் பூசித் தரும் செயலிகள் வந்துவிட்டன என்று அறிகிறேன். கதைப்படம் எடுத்தால் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பணியில் கறையைக் காலம் பூசட்டும், நாம் பூச வேண்டாம். டிஜிட்டலிலேயே எடுங்கள். உங்கள் கையில் இருக்கும் செல்பேசியே போதும். அன்றைய இரண்டு காமிராவையும்விட அது தெளிவாகப் பார்க்கும். வட்டத்தின் பணத்தை மைக்கிலும் இரண்டு வெளிவன்தகட்டிலும் போடுவோம்.

பழைய காமிராவிடம் நீங்கள் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு மணி நேர நாடா என்றால், எடுக்குமுன் யாரை, எதற்கு, எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போம். இப்போது எல்லாவற்றையும் எடுக்கிறோம், எதையும் பெயர் எழுதி வைப்பதில்லை. நம் வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகளில் நடந்த கவியரங்கங்களையெல்லாம் ஒவ்வொருவரும் செல்பேசியில் பதிவு செய்தோம். நம்மை விட்டுப் பிரிந்த நம் மூத்த கவிஞரின் குரல் வேண்டும் என்று இம்மலர்க் குழுவினர் கேட்டபோது, எத்தனை பேரால் எடுத்துத் தர முடிந்தது? செல்பேசி மாறிவிட்டது என்றார் ஒருவர். இடம் போதாமல் அழித்துவிட்டேன் என்றார் இன்னொருவர். அந்த இன்னொருவன் நான்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அடுத்த மாதம் படம் பிடிக்கவிருக்கும் முதியவர்களுள் மூவரின் வீடுகள் பட்டறையை ஒட்டியவை. பட்டறைக்காரர்களிடம் பேசியிருக்கிறேன். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் தறியை நிறுத்தித் தர இசைந்திருக்கிறார்கள். தறி நின்றால் ஓட்டுகிறவர்களுக்கு அந்த நேரத்துக் கூலி நிற்கும். அதை வட்டம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தொகை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பொருளாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் ஆம் என்று சொல்லவில்லை. விழா முடிவதற்குள் சொல்வார் என்று நம்புகிறேன்.